எப்பவும் இப்படித்தான்

இந்த டியூப்லைட் சீக்கிரம் போய்விடும். மெலிதாக ஒரு ரீங்காரம், நடுநடுவே தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு விக்கல், மறுபடியும் ரீங்காரம். டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருக்கிற யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. திலகத்துக்கும் கேட்கவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருக்கிற டிவியில் யாரோ குழம்பு தாளிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டிவியில் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறார்கள், அந்த மட்டில் பிழைத்தேன். ஆனால் பினாயில் வாசனை, அதற்கு மேல் யாரோ வைத்துக்கொண்டு வந்த மல்லிகைப்பூ, அதற்கும் மேல் கேன்டீனிலிருந்து வடை சுடுகிற எண்ணெய், மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி என் நெற்றிக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. முன்பெல்லாம் இதையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். கதவைச் சாத்துகிற மாதிரி உள்ளே ஏதோ செய்வேன், சத்தமும் வாசனையும் வெளியே நிற்கும், நான் எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். என்ன செய்வேன் என்பதுதான் இப்போது வரமாட்டேன் என்கிறது. கை இருக்கிறது, தாழ்ப்பாள் எங்கே என்று தெரியவில்லை. திலகம் என் பக்கம் திரும்பி, "என்னக்கா, தலை வலிக்குதா?" என்கிறாள். இல்லை என்கிறேன். "வேணும்னா போயிரலாம். எதுக்கு இப்போ இதெல்லாம்? வயசானா எல்லாருக்கும்தான் மறக்குது. நான் நேத்து கண்ணாடியைப் போட்டுக்கிட்டே கண்ணாடியைத் தேடினேன்." அவள் இதை வீட்டிலும் சொன்னாள், ஆட்டோவிலும் சொன்னாள். என் தங்கை, ஸ்கூலில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நம்புகிறவள். எனக்கு மறதி இல்லை, திலகம். கண்ணாடி எங்கே என்று எனக்குத் தெரியும். போவது வேறு. அதை எப்படி உனக்குச் சொல்வது என்று இன்னும் வாக்கியம் அமையவில்லை.

வாக்கியம். என் ஆயுசு முழுவதும் வாக்கியங்களில்தான் போயிற்று. மற்றவர்களுக்கு ரத்தத்திலேயே இருப்பது எனக்கு ஞாபகத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும், எப்போது முகத்தைப் பார்த்து எப்போது கழுத்துப் பக்கம் பார்வையை இறக்கலாம், ஒருவர் அழுதால் உடனே பேசுவதா கொஞ்சம் கழித்துப் பேசுவதா, எல்லாவற்றையும் நான் பார்த்துப் பார்த்துப் படித்தேன், பாடம் மாதிரி. அம்மா பக்கத்து வீட்டில் பேசுவதை ஜன்னல் ஓரம் நின்று கேட்டு, பின்கட்டில் தனியாகச் சொல்லிப் பார்ப்பேன். அதே இழுவையோடு, அதே இடத்தில் பெருமூச்சோடு. பெரிய மனுஷி மாதிரி பேசுது பாரு உங்க பொண்ணு என்று அம்மாவிடம் சொல்வார்கள். அம்மாவுக்குப் பெருமை. எனக்கு மட்டும் தெரியும், இது நான் பேசுவது இல்லை, அம்மாவின் குரலை எடுத்து வைத்திருக்கிறேன். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது, கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வேலை. முகமே கிடையாது. எதிரே பலகை நிறையத் துளைகள், கையில் கயிறு, யாராவது வெளியூருக்குப் பேசக் கேட்டு விளக்கு எரிந்தால் கயிற்றைச் செருகி "ட்ரங்க்ஸ், சொல்லுங்க" என்றால் போதும். காதில் ஒரு குரல் வரும். திண்டுக்கல் கேட்பார்கள், விருதுநகர் கேட்பார்கள், அழுதுகொண்டே கேட்பார்கள், அவசரம் அம்மா என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு வாக்கியம் இருந்தது, துறையே எழுதிக் கொடுத்திருந்தது. உலகம் முழுவதும் அந்தப் பலகை மாதிரி இருந்திருந்தால் நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். முகங்கள் எனக்கு நிற்காது, குரல் நிற்கும். ஒரு தடவை கேட்ட குரலை வருஷங்கள் கழித்தும் சொல்லிவிடுவேன். திலகத்தைக்கூட கல்யாணக் கூட்டத்தில் முகம் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியாது, அவள் யாரையாவது அதட்டினால் போதும், நேராக அந்தப் பக்கம் நடந்து போய்விடுவேன். பலகை போய் கம்ப்யூட்டர் வந்த பிறகு என்னை பில் கட்டுகிற கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். எதிரே நாள் முழுக்க முகங்கள். அங்கேயும் சமாளித்தேன். தலைக்குள் என்னுடைய சொந்தப் பலகை ஒன்று இருந்தது, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு துளை, சரியான கயிறு தானாகக் கைக்கு வரும். ஒரு தடவைகூட மாற்றிச் செருகியதில்லை. ஒரு தடவைகூட. இதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாற்றிச் செருகியது பங்குனியில். எதிர்வீட்டு அலமேலுவின் புருஷன் காலையில் பேப்பர் படித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நானும் திலகமும் போனோம். போகிற வழியில் நான் தயாராகத்தான் இருந்தேன். துக்க வீட்டு வாக்கியம் எனக்கு மிகப் பழையது, அம்மாவிடமிருந்து எடுத்தது: என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா, மனசைத் தேத்திக்க, பிள்ளைகளுக்கு நீதான் இருக்கே. எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன். உள்ளே போனால் ஊதுவத்திப் புகை, ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடுகிற சத்தம், பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுகிற சத்தம், எல்லாம் ஒரே உயரத்தில். அலமேலு என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். நான் அவள் எதிரே உட்கார்ந்தேன். கையை எடுத்துக் கொடுத்தேன், அதுவரை சரியாகச் செய்தேன். வாயைத் திறந்தேன். "ரொம்ப சந்தோஷம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்" என்றேன். என் குரல்தான். கல்யாண வீட்டு இழுவையோடு, கடைசியில் வைக்க வேண்டிய சிரிப்பையும் வைத்து. அலமேலு அழுகையை நிறுத்திவிட்டாள். அறையே நிறுத்திவிட்டது, ஐஸ் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது என்ன என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் காதில் விழுந்தது, ட்ரங்க் காலில் சில சமயம் நம் குரல் நமக்கே திரும்பி வருமே, அந்த மாதிரி. திருத்த வேண்டும் என்று தேடினேன். எல்லாத் துளையும் இருட்டு. என் கைகள் எழுந்துவிட்டன, முகத்துக்கு நேராக விரல்களை விரித்து ஆட்ட ஆரம்பித்தேன், ஐந்து வயதில் அம்மா அடித்து நிறுத்திய ஆட்டம். திலகம் ஓடிவந்து என் தோளைப் பிடித்து எழுப்பினாள். "அலமேலு, மனசுல வச்சுக்காதம்மா, அவ எப்பவும் இப்படித்தான், உனக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமா, பாவம், அந்த அக்கா ஒரு மாதிரிதானே. யாருக்கும் ஆச்சரியமே இல்லை. எனக்கு அதுதான் பயம். படியிறங்கும்போது அவமானத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. கைகளை ஆட்டினபோது சுகமாக இருந்தது. இத்தனை வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விட்ட மாதிரி.

அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதோ? அப்பா மில்லில் ஃபிட்டர். வாங்க, சௌக்கியமா, சாப்பிட்டுட்டுப் போங்க. வந்தவர்களிடம் இதைத் தவிர வேறு எதுவும் அவர் பேசி நான் கேட்டதில்லை. யாராவது அதற்கு மேல் நீட்டினால் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். தங்கமான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார் என்பார்கள். ஞாபகம் போக ஆரம்பித்தபோது முதலில் போனது அந்த வாக்கியங்கள்தான். வந்தவர்கள் முன்னால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார். கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார், ஒரே வட்டத்தில். யாராவது தொட்டால் கடித்துவிடுவார். சொக்கலிங்கம் இப்படி மாறிப் போயிட்டானே என்று சொந்தக்காரர்கள் வாசலோடு திரும்பினார்கள். சித்தப்பா வந்து அப்பாவின் வேட்டியைக் கிழித்தே அவரைக் கட்டிலோடு கட்டினார். வேறு வழி இல்லை என்று சொல்லி அம்மா ஒத்துக்கொண்டாள். கட்டின இடத்தில் மணிக்கட்டு தோல் உரிந்து ஈ உட்காரும். நான் வேலை முடிந்து வந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு, அவர் பக்கத்தில், அவரைப் பார்க்காமல், தொடாமல், சுவரைப் பார்த்து உட்காருவேன். அவர் முன்னும் பின்னும் ஆடுவார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார். எப்படிடி உன்கிட்ட மட்டும் அடங்கறார் என்று அம்மா கேட்பாள். எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் கழித்து, திலகத்தின் மகன் சுந்தரேசன் பெங்களூரில் தன் குழந்தையை ஒரு டாக்டரிடம் காட்டினான். குழந்தைக்கு ஆட்டிசம் என்றார் அவர், குடும்பத்தில் வேறு யாராவது உண்டா என்று கேட்டாராம். சுந்தரேசன் இதை எங்களுக்குப் போனில் சொல்லிவிட்டு, மறுவாரமே வந்து என்னையும் அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அந்த டாக்டர் அம்மாள் என்னிடம் நிறையக் கேட்டுவிட்டு, உங்களுக்கும் அதுதான், நீங்க இத்தனை வருஷம் மறைச்சே வாழ்ந்திருக்கீங்க, ரொம்பக் களைச்சுப் போயிருப்பீங்களே என்றாள். அப்போது எனக்கு என்னைப் பற்றி எதுவும் தோன்றவில்லை. அப்பாவின் மணிக்கட்டுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் மாறவே இல்லை. மூடி வைத்திருந்தது போனதும் உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். அவரை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை, பார்த்ததும் கட்டிப் போட்டோம். எனக்குள்ளும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு வாக்கியமே தெரியாது, அவள் வெளியே வரும்போது பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார யார் இருக்கிறார்கள்? திலகத்துக்குப் பார்க்காமல் இருக்கத் தெரியாது. அவள் அன்பு எல்லாம் கையில்தான், தடவுவாள், தலையைக் கோதுவாள், என் தோல் எரியும், நான் பொறுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் மறந்துபோனால்?

"மங்கையர்க்கரசி யாரு? உள்ள வாங்க." நர்ஸ் கூப்பிடுகிறாள். எழுந்திருக்கிறேன். உள்ளே ஏசி, நல்ல வேளை வாசனை இல்லை. டாக்டர் சின்ன வயசு, மெதுவாகப் பேசுகிற குரல், எனக்குப் பிடித்த குரல். நான் அவருடைய சட்டைக் காலரைப் பார்க்கிறேன். அங்கே பார்த்தால் கண்ணைப் பார்ப்பதாகவே நினைத்துக்கொள்வார்கள். "சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?" என்கிறார். அலமேலு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கயிறு, துளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன், அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் எழுதிக்கொள்கிறார். முன்னால் பார்த்த டாக்டரின் சீட்டைப் புரட்டுகிறார். "சரி, சின்னதா ஒரு டெஸ்ட் பண்ணிடுவோம், பயப்படாதீங்க. அஞ்சு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க, கடைசில கேப்பேன். குடை, வாழைப்பூ, சாவி, யானை, ஜன்னல்." என்ன கிழமை என்று கேட்கிறார், சொல்கிறேன், காலையில் பேப்பர் பார்த்து நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்ததுதானே. கடிகாரம் வரையச் சொல்கிறார், வரைகிறேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறார், கழிக்கிறேன். இதற்குள் நான் அந்தப் பழைய பலகையை எடுத்து வைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் குடையைச் செருகியிருந்தேன், விருதுநகரில் வாழைப்பூ, தேனியில் சாவி, ராமநாதபுரத்தில் யானை, கொடைக்கானலில் ஜன்னல். அவர் கேட்டதும் ஒவ்வோர் ஊராகப் போய் எடுத்துக் கொடுக்கிறேன். கொடைக்கானலில் கொஞ்சம் இரைச்சல், ஆனாலும் கிடைத்துவிடுகிறது. "ரொம்ப நல்லா பண்ணிட்டீங்கம்மா!" என்கிறார். திலகம் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. எனக்கும் ஒரு நொடி சந்தோஷம், பரீட்சையில் எப்போதும் வருமே அந்தச் சந்தோஷம். அது வந்த உடனே நான் வரைந்த கடிகாரம் கண்ணில் படுகிறது. என்ன செய்துவிட்டேன். மறைக்க மட்டுமே தெரிந்த ஆளிடம் பரீட்சை வைத்தால் அவள் மறைத்துத்தானே காட்டுவாள். நான் இங்கே என்னைக் காட்டுவதற்கு வந்தேன், வந்த இடத்திலும் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டர், நான் இதை வேற வழியில ஞாபகம் வச்சேன்" என்கிறேன். "எல்லாருமே ஏதாவது ஒரு வழி வச்சிருப்பாங்கம்மா, அது நல்ல விஷயம்தான்." "இல்லை, எனக்கு... ஆளுங்க கூட பேசறதுக்கு வேண்டியது போயிட்டிருக்கு." அவர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் நன்றாகத் திரும்புகிறார், அன்போடுதான். "உங்களுக்கு ஆட்டிசம் இருக்குன்னு எழுதியிருக்கு. துக்க வீடு, கூட்டம், சத்தம், அந்த மாதிரி இடத்துல உங்களுக்குக் கஷ்டமா இருக்கறது சகஜம்தானேம்மா?" பிறகு திலகத்தைப் பார்க்கிறார். "நீங்க கூடவே இருக்கீங்க. முன்னாடி இருந்ததுக்கும் இப்போ இருக்கறதுக்கும் ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" இந்தக் கேள்விக்காகத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், இவள் சொல்வாள். திலகம் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுகிறாள், திறக்கிறாள், மூடுகிறாள். "இல்லை டாக்டர். அக்கா எப்பவும் இப்படித்தான்" என்கிறாள். டாக்டர் தலையாட்டுகிறார். சின்ன வயதிலிருந்து என்னைக் காப்பாற்றிய வாக்கியம் அது. பந்தியிலிருந்து நான் எழுந்து ஓடினால், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் சுவரைப் பார்த்தால், யாராவது கட்டிப் பிடிக்க வந்தபோது விலகினால், அவ எப்பவும் இப்படித்தான் என்று வீட்டில் யாராவது ஒருவர் முன்னால் வந்து நிற்பார்கள், ஊர் என்னை விட்டுவிடும். இப்போது அதே வாக்கியத்துக்குப் பின்னால் என்னை அரித்துத் தின்கிற ஒன்று சௌகரியமாக ஒளிந்துகொண்டிருக்கிறது. அதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. டாக்டர் கவலையைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதுகிறார். அடுத்த வருஷம் வந்து இதே டெஸ்ட்டைச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்கிறார். அடுத்த வருஷமும் நான் எல்லா ஊருக்கும் போய் எடுத்து வந்துவிடுவேன் டாக்டர், கடைசி ஊர் இருட்டாகிற வரை. அன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு உங்களிடம் எதையும் சொல்லத் தெரியாது. இதை நான் சொல்லவில்லை. "ரொம்ப நன்றி டாக்டர்" என்கிறேன், அளவான சிரிப்போடு, எழுந்து நிற்கிறேன்.

மருந்துக் கடைக்குப் போகிற நடைபாதையில் திலகம் எனக்கு முன்னால் நடக்கிறாள். வேகமாக நடக்கிறாள். செருப்புச் சத்தம் மாறியிருக்கிறது, இடது கால் இழுபடுகிறது, அவள் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் நடப்பாள். கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் கோபத்துக்கு எந்த வாக்கியம் என்று தேடிக்கொண்டே நடக்கிறேன். ஒரு ஜன்னல் பக்கம் அவள் நின்றுவிடுகிறாள். கீழே ஆம்புலன்ஸ்கள் நிற்கிற இடம், ஒரு டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "ஏன் திலகம்?" என்கிறேன். அவ்வளவுதான் வந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொல்கிறாள், "பொய்தான் சொன்னேன். எனக்குத் தெரியும்க்கா. உனக்கு முன்னாடியே தெரியும்." என்ன தெரியும் என்கிறேன். "போன மாசம். மத்தியானம். மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து பெல் அடிச்சேன். நீ கதவைப் பாதி திறந்து, 'யார் வேணும் உங்களுக்கு?'ன்னு கேட்டே." நான் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டேன் என்கிறேன், எனக்குத்தான் முகம் நிற்காதே. "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அக்கா, நான்தான், திலகம்னு சொன்னேன். நல்லா சத்தமா சொன்னேன். நீ என் குரலைக் கேட்டே. கேட்டுட்டு ரொம்ப மரியாதையா, 'திலகம் ஸ்கூலுக்குப் போயிருக்கா, சாயங்காலம்தான் வருவா, யாரு வந்தாங்கன்னு சொல்லட்டும்?'னு கேட்டே." அவளுக்கு மூச்சு வாங்குகிறது. "எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. சரிங்க, நான் அப்புறம் வர்றேன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். காய்ப் பையை வச்சுக்கிட்டு மாடிப்படியிலேயே உக்காந்திருந்தேன். மேல் வீட்டுக்காரங்க ஏறிப் போறாங்க, என்ன டீச்சர் இங்க உக்காந்திருக்கீங்கன்னு கேக்கறாங்க, கால் வலின்னு சொன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு மறுபடி பெல் அடிச்சேன். 'இவ்வளவு நேரம் எங்கேடி போனே, சாதம் ஆறிப்போச்சு'ன்னு திட்டினே. எனக்குக் காலில விழணும் போல இருந்துச்சு. அதுக்கப்புறமும் நடந்திருக்கு."

குரல். அன்றைக்கு அவளுடைய குரல் என் காதுக்குள் வந்தும், அது யாருடையது என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. தேடிப் பார்க்கிறேன். போன மாதம், மத்தியானம், பெல். எங்கள் வீட்டு பெல் கரகரவென்று இருக்கும், அது கேட்கிறது. கதவைத் திறக்கிறேன், வெயில், மாடிப்படியின் கைப்பிடி. அவ்வளவுதான், அதற்குப் பிறகு சாதம் ஆறிப்போன கோபம்கூட இருக்கிறது. நடுவில் இருந்தது எங்கே? கிழிந்த இடமாவது தெரிய வேண்டாமா? இரண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டு வழவழவென்று இருக்கிறது. நான் ஒருத்திதான் இதைக் கண்டுபிடித்தேன், நான்தான் காவல் நிற்கிறேன், அது எங்கே கை வைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நான் நிற்கும்போதே அது என்னைத் தாண்டி உள்ளே போய், கூடத்தில் உட்கார்ந்து, கதவைத் திறந்து என் தங்கையிடம் யார் வேணும் என்று என் குரலில் கேட்டிருக்கிறது. எவ்வளவு மரியாதையான வாக்கியம்! ஒரு பிசிறும் இல்லை. வாக்கியங்கள்தான் முதலில் போகும் என்று பயந்தேன். வாக்கியம் இருக்கிறது, அதைச் சொல்கிற நான்தான் இல்லை. ஜன்னல் கம்பி கைக்குச் சூடாக இருக்கிறது. கீழே யாரோ ஆம்புலன்ஸின் சைரனைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அது என் பல்லுக்குள் இறங்குகிறது, நான் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறேன், நிறுத்தவில்லை. போகிறவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். திலகம் என் தோளைத் தொட வந்து, கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பக்கத்தில் நிற்கிறாள். சைரன் அடங்குகிறது. ஆட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது.

"ஏன் டாக்டர்கிட்ட சொல்லலை?" என்கிறேன். "சுந்தரேசன்" என்கிறாள். சொன்னதுமே எனக்குப் புரிகிறது. அலமேலு வீட்டு விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து அவன் போனில் விசாரித்துக்கொண்டே இருக்கிறான். கெட்டவன் இல்லை, அம்மாவின் உடம்பைப் பற்றிப் பயப்படுகிறவன், திலகத்துக்குச் சர்க்கரை, முழங்கால் வேறு. கோயம்புத்தூர் பக்கம் வயசானவர்களுக்கு நல்ல ஹோம் ஒன்று இருக்கிறதாம், டாக்டர்கள் அங்கேயே இருப்பார்களாம். "டாக்டர் வாயால அந்த வார்த்தை வந்திருச்சுன்னா அவன் உன்னைக் கொண்டுபோய் சேர்த்துருவான்க்கா. அங்க கூடத்துல வரிசையா கட்டில் போட்டிருக்காங்க, நாள் பூரா டிவி அலறும், ஆளாளுக்குத் தொட்டுத் தூக்குவாங்க. நீ ஒரு நாள் தாங்க மாட்டே. நாம ரெண்டு பேர் இருக்கோம், யாருக்கும் தெரியாம நான் பார்த்துக்கலாம்னு நினைச்சேன்." யாருக்கும் தெரியாமல். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது நன்றாக வருகிறது. கட்டில்கள் எனக்குத் தெரிகின்றன, பச்சை ரெக்சின் மெத்தை, மேலே இதே மாதிரி டியூப்லைட். சொல்லாமல் போய்விடலாம். மாத்திரையை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், திலகம் பெல் அடிக்க, நான் திறக்க, அவள் இறங்கிப் போய்ப் படியில் உட்கார, சர்க்கரைக்காரி, வேளைக்குச் சாப்பிடாமல், எத்தனை மத்தியானம் அப்படி உட்காருவாள்? ஒரு நாள் நான் கதவையே திறக்காவிட்டால்? ஒரு நாள் அவளைக் கடித்துவிட்டால்? "அவனுக்கு நான் சொல்றேன்" என்கிறேன். "எங்கேயும் போக மாட்டேன்னு இப்பவே, பேச முடியறப்பவே, நானே அவன்கிட்ட சொல்றேன். கேட்பானான்னு தெரியாது. ஆனா டாக்டருக்குத் தெரியணும். எனக்கும் தெரியணும். வா." திலகம் நகரவில்லை. "வேண்டாம்க்கா" என்கிறாள். நான் திரும்பி நடக்கிறேன். பின்னால் அவள் செருப்புச் சத்தம் வருகிறது, இழுத்து இழுத்து.

நர்ஸ் முதலில் விடவில்லை, அடுத்த டோக்கன் உள்ளே இருக்கிறது என்றாள். காத்திருந்து, அவர்கள் வெளியே வந்ததும் உள்ளே போனோம். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர், நான் உங்க டெஸ்ட்ல நல்லா பண்ணினது உண்மை இல்லை. எனக்கு என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியலை. இவளுக்குத்தான் தெரியும். இவளைக் கேளுங்க" என்றேன். இந்த வாக்கியத்தை யாரிடமிருந்தும் எடுக்கவில்லை, ஒத்திகையும் இல்லை, சொல்லும்போதே குரல் கோணலாக ஏறி இறங்கியது. அவருடைய காலரை விட்டுவிட்டு மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டேன். திலகம் உட்கார்ந்தாள். காய்ப் பையையும் மாடிப்படியையும் சொன்னாள். அதற்குப் பிறகு, நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உடையோடு நின்றதைச் சொன்னாள். பால்காரரிடம் அப்பாவுக்குத் தனியாக ஒரு பாக்கெட் வேண்டும் என்று நான் கேட்டதை, அம்மா எங்கே என்று இவளையே கேட்டதை, அம்மா செத்துப்போயிட்டா என்று இவள் சொன்னதும் நான் அப்போதுதான் கேட்கிற மாதிரி தரையில் உட்கார்ந்து அழுததை, மறுநாள் மறுபடியும் கேட்டபோது அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று இவள் சொல்லப் பழகிக்கொண்டதைச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் கவனமாகக் கேட்டேன். ஒன்றுகூட எனக்குத் தெரிந்ததாக இல்லை. அழுதவளுக்காக எனக்குப் பாவமாக இருந்தது, யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பெண்ணுக்கு நடந்ததைக் கேட்கிற மாதிரி. திலகம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நடுவிலேயே நிறுத்திவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுடி" என்றேன். "ஒண்ணையும் விட்டுடாதே. அவளைப் பத்தி எல்லாத்தையும் சொல்லு."